தாலி நிழல் விழாத படம்

1

இந்த வாரம் எங்கள் கம்பெனியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வருஷா வருஷம் எடுப்பதுதான். லாரி ஓட்டுகிற நான், ரப்பர் கட்டுகளை ஏற்றி இறக்குகிறவர்கள், கணக்குப்பிள்ளை, காவல்காரன் என்று எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று மேலோடு வெயிலில் வரிசை நிற்க வேண்டும். நெஞ்சு சுத்தமாக இருந்தால் வேலை உண்டு. வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே மறுபடி படம் எடுப்பார்கள், அதற்குப் பிறகு மறுபடியும் எடுப்பார்கள். வெள்ளை போய்விட்டால் வேலைக்குத் திரும்பி வரலாம். இந்த மலாய் நாட்டில் நான் பார்த்த நியாயம் இது ஒன்றுதான்.

என் பையன் இங்கே பிறந்தவன். "நெஞ்சுப் படம்னு சொல்லாதீங்கப்பா, எக்ஸ்ரேன்னு சொல்லுங்க, கூட்டாளிங்க சிரிக்கிறாங்க" என்கிறான். சிரிக்கட்டும். அவனுக்குத் தமிழ் பாதி, மலாய் பாதி. ஊரில் இருக்கிற என் தங்கச்சி அத்தாயியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "யாரு, அந்த டிபி அத்தையா?" என்று கேட்டான். ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் வாய்வழியாக அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நம் ஊர்தான். அடியை ஊருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ராக்கியண்ணன். புதுச்சத்திரத்துப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போதுதான் கப்பலில் வந்து இறங்கி மூட்டை தூக்கச் சேர்ந்திருக்கிறான். வரிசையில் நின்றபடி அவன் ஊர்ச் சேதி ஒன்று சொன்னான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ஊர்ப் பெருமையும் காவேரித் தண்ணீரின் ருசியும் எழுதுவதற்குத்தான் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பத்திரிகையில் இடம் கொடுக்கிறார்கள். எனக்கு அது வராது. கோபம்தான் வரும்.

2

ஜப்பான்காரன் போன பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். எலும்பு வெள்ளை, காற்று இருக்கிற இடம் கறுப்பு என்று காட்டினார்கள். என் வலது பக்கத்தில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"இது வேறை மாதிரி நிமோனியா. வைரஸ் எண்டு ஒரு கிருமி, பூதக்கண்ணாடியிலையும் தெரியாது. மருந்து கேளாது. படுத்திருங்கோ, அதுதான் மருந்து" என்றார் எங்கள் கம்பெனியில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர்.

அடுத்த படத்தில் வெள்ளை பெரிதாகியிருந்தது. மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். அதற்கடுத்த படத்தில் வெள்ளை மெலிந்திருந்தது. குழாயை எடுத்துவிட்டு எழுப்பி உட்கார வைத்தார்கள். கடைசிப் படத்தில் வெள்ளையே இல்லை. வீட்டுக்குப் போ என்றார்கள். படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் என்னைக் கரை சேர்த்தார்கள். வெள்ளை வரும், போகும். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது.

3

போன வருஷம் ஊருக்குப் போனேன். போவதற்கு ஒரு காகிதம், திரும்பி வருவதற்கு ஒரு காகிதம், அம்மை குத்தியதற்கு ஒரு காகிதம். ஒவ்வொரு மேஜையிலும் ஒருத்தன் என்னைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தான். பொறுத்துக்கொண்டேன். யுத்தத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்த தங்கச்சி, அவளுக்குப் பிறந்து நான் கண்ணால் பார்க்காத ஒரு பெண்பிள்ளை, இந்த இரண்டு பேருக்காகத்தான் போனேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை.

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காட்டு வழியாக நடந்து அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். அவள் மாமியார் நல்லம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாங்க சாமி. கப்பல்லயா வந்தீங்க? ஒடம்பெல்லாம் கறுத்துப்போச்சுங்களே."

"அத்தாயி எங்கீங்க?"

"காட்டுச் சாளைல இருக்குதுங்க. நெஞ்சு நோவு. காசமுங்க."

நான் மோரைக் கீழே வைத்தேன். நல்லம்மாள் உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். உறைக்குள்ளிருந்து நெஞ்சுப் படத்தை உருவி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்துப் பழகிய கை. வந்த விருந்தாளிக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

"பாருங்க, ரெண்டு பக்கமும். பருத்தி வெடிச்சாப்பல."

வெள்ளை இருந்தது. அதற்கு மேலே, கழுத்தெலும்புக்குப் பக்கத்தில், எலும்பைவிட வெள்ளையாக ஒரு சின்ன உரு பளிச்சென்று தெரிந்தது.

"இது என்னுங்க?"

"தாலிங்க. நர்சம்மா கழட்டச் சொன்னாங்க. மூச்சு உட முடியாம கெடந்தவ, தாலிய மட்டும் ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டா. தோள் பக்கம் தள்ளிப்போட்டு எடுத்தாங்க. அதான் உளுந்திருக்குது."

தங்கச்சியின் புருஷன் செங்கோடன் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாளை என்றால் காட்டில் கருவிகள் போட்டு வைக்கிற கூரைக் குடிசை. அதிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் நான் வரும்போதே அத்தாயி கத்தினாள்.

"அண்ணா! அங்கயே நில்லுங்கண்ணா! கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்!"

நான் நிற்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கிணற்றிலிருந்து குடம் நிறையத் தண்ணீர் சுமந்துகொண்டு வந்து அப்போதுதான் இறக்கியிருந்தாள். மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது.

"தாலி எங்க அம்மிணி?"

"அவியளே வாங்கிக்கிட்டாங்க. வேற பொண்ணு பாத்திருக்கறாங்கண்ணா. மொதத் தாரத்துக் கழுத்துல தாலி இருக்கறப்ப எங்க புள்ளயக் குடுக்க மாட்டம்னு அந்தூட்டுல சொல்லிப் போட்டாங்களாம்."

"நீ குடுத்தியா?"

"நோவுக்காரி கழுத்துல கெடந்தா கட்டுனவனுக்கு ஆவாதுன்னாங்க. அவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பட புள்ளய ஆரு பாக்கறது? கழட்டிக் குடுத்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறும்போது விடாதவள் இதற்கு விட்டிருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தடத்தில் அவள் பிள்ளை பாவாயி போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசுகூட இல்லை. எங்களைப் பார்த்ததும் பாவாடையைத் தூக்கி வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு ஓடினாள். யாரோ சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள்.

"தெனமும் அப்படித்தானுங்கண்ணா. நல்லதுதான், ஒட்டாம இருக்கட்டும்" என்றாள் அத்தாயி.

மறுநாளே அவளைப் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். முதலில் படம் எடுத்த அதே டாக்டர். புதிதாகப் படம் எடுத்து, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. இவங்களுக்குக் காசம்னு யார் சொன்னது? சளியில காசக் கிருமி இல்லன்னு அப்பவே சொன்னேனே. இது வைரஸ் நிமோனியா. தானா கரையும், ஒரு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்க்கணும், கூட்டிட்டு வாங்கன்னு அந்த மாமியார்கிட்ட சொல்லி அனுப்பினேன். ஏன் வரல?"

டாக்டர் படத்தை உலர மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"இவங்க புருஷனுக்கும் இதேதான் வந்துச்சு. அவருக்குத்தான் முதல்ல. அவருக்குப் பணிவிடை பண்ணித்தான் இவங்களுக்கு ஒட்டியிருக்கு. அவர் மட்டும் சொன்ன கெடுவுக்கு வந்து ரெண்டாவது படம் எடுத்துட்டுப் போயிட்டாரே. அந்த மாமியாரம்மாதானே கூட வந்தாங்க?"

நான் அத்தாயியைப் பார்த்தேன்.

"ஆமாங்கண்ணா, அவியளுக்குத்தான் மொதல்ல. நாந்தான் கூட இருந்து பாத்தேன். படத்தப் பத்தி எனக்கு ஆரு சொன்னாங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அந்தப் புதுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். புருஷன் வேண்டாமாம், தாலி வேண்டாமாம். "பாவாயிய மட்டும் வாங்கிக் குடுத்துருங்கண்ணா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

4

மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. அத்தாயி அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, பிள்ளையைக் கூட்டிப் போவதற்கென்று வந்து ஓரமாக நின்றாள். அவள் நின்ற பக்கம் இருந்தவர்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

நான் நல்லம்மாளிடம் வாங்கிய பழைய படத்தை ஒரு கையிலும் புதுப் படத்தை ஒரு கையிலும் வானத்துக்கு நேராகப் பிடித்தேன். பழையதில் வெள்ளை, புதியதில் இல்லை. கண் இருக்கிறவனுக்குத் தெரியும்.

"ஏனுங்க, இந்தப் படத்துல மூஞ்சியே காணமே. ஆரு நெஞ்சுன்னு எப்படி நம்பறது?" என்றான் ஒருத்தன்.

"அந்தப் படத்துல மட்டும் மூஞ்சி இருக்குதா?" என்றேன்.

நல்லம்மாள் எழுந்தாள். "அதுல மூஞ்சி இல்லீங்க, தாலி இருக்குது. எங்கூட்டுத் தாலி. ஆசாரி பட்டறைல பக்கத்துல குந்தி வாங்கியாந்தது, எனக்கு அடையாளந் தெரியாதா? இந்தப் படத்துல தாலி எங்கீங்க?"

"தாலிய அறுத்துக்கிட்டது நீங்கதானே!"

"அதெல்லாம் இருக்கட்டும். தாலி இல்லாத படம் எங்கூட்டு மருமவ படமா எப்படிங்க ஆவும்?"

"மச்சாங்காரரு மலாயால இருந்து வாரப்பவே ஒண்ணு வாங்கி மடிச்சுக் கொண்டாந்துட்டாராட்டம் இருக்குது" என்றான் இன்னொருத்தன். கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தார்கள்.

நான் டாக்டர் சொன்னதை வைத்திருந்தேன். அதைச் சொன்னால் கூட்டம் வாயடைத்துப் போகும் என்று நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"செங்கோடனுக்கும் இதே நோவு வந்துச்சு. அவன் நெஞ்சுலயும் வெள்ளை. அவனுக்கு ரெண்டாவது படம் எடுத்தீங்களா இல்லையா? சாமி முன்னால சொல்லுங்க."

நல்லம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"எடுத்தமுங்க. டாக்டரு வரச் சொன்னாரு, போயி எடுத்தம். சுத்தம்னாரு."

"அப்ப வெள்ளை கரைஞ்சுரும்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா இவளச் சாளைல போட்டீங்க?"

"அவன் ஆம்பளைங்க. ஏர் ஓட்டறவன். அவனுக்குப் பாக்காம இருக்க முடியுமா? இவ ஒரு பொட்டப்புள்ளயப் பெத்துப்போட்டு அதோட நின்னுட்டா. எம்பட மவனுக்கு வாரிசு வேண்டாமுங்களா? சும்மா தள்ளி வெச்சா ஊரு கேக்கும். படம் வந்துச்சு, காட்டினம். ஆரு கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லைதான். இப்போதும் யாரும் கேட்கவில்லை. வாயடைத்துப் போனது நான்தான். அவர்களுக்கு விவரம் தெரியாது, படிப்பில்லாத ஜனம், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்து வந்திருந்தேன். எல்லாருக்கும் எல்லாம் புரிந்துதான் இருந்தது.

செங்கோடன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "உடுங்க மச்சான். நடந்தது நடந்துபோச்சு."

ஊர்ப் பெரியதனக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "பொண்ணூட்டுக்கு வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. இனி படத்தப் பாத்து என்ன பண்றது? அத்தாயிக்குச் சாளையும் அதைச் சுத்தி அரை ஏக்கர் காடும் உட்டுருங்க. கொழந்த தகப்பனூட்டுல இருக்கட்டும். அதுதான் மொறை."

எழுந்து போய்விட்டார்கள். அத்தாயி பிள்ளையைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள். பாவாயி பாவாடையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு நல்லம்மாளின் காலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

என்னோடு வந்துவிடு என்று அத்தாயியிடம் எவ்வளவோ சொன்னேன். இங்கே என் பெண்டாட்டியும் அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். "எம்பட புள்ள போற தடம் இதுதானுங்கண்ணா. நான் அங்க வந்துட்டா இங்க ஆரு இருப்பா?" என்றாள். நான் மட்டும் கப்பல் ஏறினேன். படம் வேண்டாம் என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். இங்கே டிரெஸ்ஸரிடம் காட்டினேன். "நல்ல நெஞ்சு. ஆருடையது?" என்று கேட்டார். என் தங்கச்சியுடையது என்றேன். அவர் நம்பினார். தாலியைப் பற்றிக் கேட்கவில்லை.

5

இனி ராக்கியண்ணன் சொன்னது.

செங்கோடன் கட்டிக்கொண்ட புதுப்பெண்ணின் பெயர் அருக்காணி. சின்னப் பெண். பாவாயி அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாளாம். "சின்னம்மா, சின்னம்மா" என்று முந்தானையை விடுவதில்லையாம். இந்த வருஷம் பனிக்காலத்தில் அருக்காணிக்குக் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல், மூச்சு வாங்கல். அதே நோய்தான்.

நல்லம்மாள் நேராகச் சாளைக்குப் போயிருக்கிறாள். கள்ளிவேலி ஓரம் வண்டியை நிறுத்தியிருந்த ராக்கியண்ணன் இரண்டு பேர் பேசியதையும் கேட்டிருக்கிறான்.

"அத்தாயி, வா சாமி. அருக்காணி மூச்சு உட முடியாம கெடக்கறா. எங்களுக்குக் கிட்டப் போகப் பயமா இருக்குது. உனக்கு ஒருக்கா வந்து போயிருச்சு, இனி ஒட்டாது. நீதான் வந்து பாக்கோணும்."

அத்தாயி களைவெட்டியைக் கீழே போடாமலே கேட்டாளாம். "படம் எடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"எடுங்க. வெள்ளையா இருந்தா இங்க கொண்டாந்து போடுங்க. சாளைல எடம் இருக்குது."

"அது கோவத்துல சொன்ன பேச்சுதானுங்க அண்ணா, எனக்கே தெரிஞ்சுது" என்றான் ராக்கியண்ணன். "ஆனா அந்தக் கெழவி அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. படமெல்லாம் எதுக்கு, தெரிஞ்ச நோவுதானேன்னு மறுநாளே என்னைய வண்டி பூட்டச் சொல்லிட்டா. நாந்தான் அந்தப் புள்ளயக் கொண்டுபோயி எறக்குனேன். கழுத்துல தாலி இல்லீங்க. வண்டி ஏத்தறதுக்கு முந்தியே வாங்கிட்டாங்க."

அத்தாயி அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்திருக்கிறாள். தலைமாட்டைத் தூக்கி வைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.

அப்போது வண்டிக்குப் பின்னாலேயே "சின்னம்மா" என்று அழுதுகொண்டு பாவாயி ஓடி வந்தாளாம். வாயைப் பொத்தவில்லை. நேராகச் சாளையைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தாயி வாசலுக்கு வந்தாள். தன் பிள்ளை தன் குடிசைக்கு ஓடி வருவதைப் பார்த்தாள்.

"போ அக்கட்ட! கிட்ட வராத!" என்று கத்தியிருக்கிறாள். பிள்ளை நிற்கவில்லை. குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். காலடியில் விழுந்தது. பிள்ளை அப்போதும் நிற்கவில்லை. அடுத்ததைப் பிள்ளையின் மேலேயே எறிந்தாள். தோளில் பட்டது. பாவாயி நின்று, பாவாடையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாளாம்.

"அந்தம்மாளுக்கு அவ்வளவு ஆத்திரமுங்க அண்ணா. பெத்த புள்ளயப் போயி இப்படி அடிப்பாங்களா? ஊரெல்லாம் இப்ப அதுதான் பேச்சு. பொறாமைல பொசுங்குறாங்கறாங்க" என்றான் ராக்கியண்ணன்.

அதற்குள் அவன் முறை வந்து உள்ளே போய்விட்டான். பிறகு என் முறை. மூச்சை இழுத்துப் பிடியுங்கோ என்றார் டிரெஸ்ஸர். பிடித்தேன். என் நெஞ்சு சுத்தமாம்.

புதுச்சத்திரம் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்தப் பிள்ளை உங்களுக்குத் தெரிந்த பிள்ளைதான், தினமும் சாளைத் தடத்தில்தான் போகிறாள். அன்றைக்குச் சாளைக்குள் நோய் இருந்தது, அதனால்தான் உன் அம்மா உன்னை எறிந்து விரட்டினாள் என்று அவளிடம் சொல்லுங்கள். ஒரு வாய் வார்த்தைதான்.

சொல்ல மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.